கண்ணாடியைக் குறை சொல்லும் முன் டியூபைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பழைய பொருள்களைப் பராமரிப்பது பற்றிய பக்கத்தில் கைக்கடிகாரத்துக்கு நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள். உள்ளே ஆவி படிந்தால் கண்ணாடி தளர்ந்துவிட்டது என்று பொருள், புதுக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த நான்கு வரிக்குத்தான் இந்த நீண்ட கடிதம். இடம் போதாது என்றால் என் சொந்தக் கதையைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். டியூப் என்ற சின்னக் குழலைப் பற்றிச் சொல்வதை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். 34 ஆண்டு வார்டில் நின்றவள். வேலையில் சேர்ந்த அன்று அப்பா வாங்கிக் கட்டிவிட்ட வாட்ச்தான் ஓய்வுபெற்ற அன்றும் என்னிடம் இருந்தது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய வகை. உள்ளே தேய்மானம் தாங்க 17 கல், நடுவிலிருந்து ஓடும் நீண்ட விநாடி முள், தங்க முலாம் பூசிய கேஸ் (வெளிக்கூடு), எஃகில் பின்மூடி. அந்த விநாடி முள்ளை வைத்து எத்தனை பேருக்கு நாடி எண்ணினேன் என்பதற்குக் கணக்கு இல்லை. சாவி கொடுத்ததற்கு உண்டு. நாளுக்கு ஒரு முறை, முறைக்கு ஏறக்குறைய 25 திருகு என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தேன், மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது.

சாவி கொடுப்பது என்று நாம் இன்னும் சொன்னாலும் கடிகாரத்துக்குச் சாவி என்று ஒன்று இருந்தது ஒரு காலம். தனியாக ஒரு குட்டிச் சாவியைத் துளையில் நுழைத்துத் திருகுவார்கள். கேஸின் ஓரத்தில் இருக்கும் கிரவுன் என்ற குமிழைத் திருகியே சாவி கொடுக்கவும், அதையே இழுத்து நேரம் திருத்தவும் அட்ரியன் பிலிப் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் 1840களில் ஓர் ஏற்பாடு செய்து 1845இல் காப்புரிமை பெற்றார். சாவி தொலைகிற தொல்லை அதோடு ஒழிந்தது. ஆனால் கிரவுனிலிருந்து உள்ளே போகும் தண்டுக்காகக் கேஸின் பக்கச் சுவரில் ஒரு துளை நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டியதாயிற்று. தண்ணீருக்கும் தூசிக்கும் அதுதான் வாசல்.

அந்த வாசலைக் காப்பது ஒரு சின்னஞ்சிறு உலோகக் குழல். கடிகாரக்காரர்கள் டியூப் என்பார்கள். கேஸில் அழுத்தியோ மரை போட்டுத் திருகியோ பொருத்தியிருப்பார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். கிரவுன் அதன் மேல் தொப்பி மாதிரி கவிந்து உட்காரும். தொப்பிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் டியூபின் வெளிப்புறத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான பழைய வாட்ச்களில் இந்தப் பக்கத்துக்குப் பாதுகாப்பு என்றால் அந்த ஒரு வளையத்தின் பிடி மட்டும்தான். பிடிமானம் இருக்க டியூப் வட்டமாகவும் வழவழப்பாகவும் உரிய பருமனோடும் இருக்க வேண்டும். கிரவுன் பளபளவென்று இருந்து என்ன பயன்?

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் பத்து ஆண்டு வாட்சைக் கையில் கட்டியபடியே சாவி கொடுத்தேன். காலைப் பணிக்குக் கிளம்பும் அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே. கையில் இருக்கும்போது கிரவுனை நேராகப் பிடிக்க முடியாது. மணிக்கட்டு இடிக்கும், விரல் மேலிருந்து கீழாக அழுத்தும். தண்டு சாய்ந்து, கிரவுன் டியூபின் ஒரே பக்கத்தில் உரசும். அதோடு சோப்பும் சேர்ந்தது. வார்டில் ஒரு பணி நேரத்தில் எத்தனை தடவை கை கழுவுவோம் என்பது செவிலியர்களுக்குத் தெரியும். வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கறாராகச் சொல்லப்பட்டது பிறகுதான். அதற்குள் சோப்பும் முகப்பவுடரும் தோல் அழுக்கும் கிரவுனுக்கு அடியில் புகுந்து, காய்ந்து, மணல்தாள் மாதிரி ஆகிவிட்டன. ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுகிக் கல்லாயிற்று. பிறகு உலோகத்தை உலோகம் தேய்த்துக்கொண்டிருந்தது, நாளுக்கு 25 தடவை.

ஓய்வுபெற்ற மறு ஆண்டு கண்ணாடிக்குள் ஆவி தெரிந்தது. மூன்று மணி எண்ணுக்குப் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பனித்திட்டு. வெயில் ஏறினால் மறையும், மாலையில் திரும்ப வரும். கிரவுன் இருப்பது மூன்று மணிப் பக்கம். புண் எங்கே இருக்கிறது என்று வாட்சே கை நீட்டிக் காட்டியது, நான்தான் பார்க்கவில்லை. நானும் உங்கள் இணைப்பிதழ் சொன்னபடியே கண்ணாடி என்று நினைத்து, கண்ணாடியை மாற்றினேன். இரண்டு வாரத்தில் அதே இடத்தில் அதே திட்டு.

அடுத்துப் போன கடையில் இருந்த இளைஞர் கிரவுனை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, "கிரவுன் தேய்ந்துவிட்டது அம்மா, மாற்றிவிடலாம்" என்றார். பாதி நோயைக் கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். பழைய கிரவுனைத் தண்டிலிருந்து கழற்றும்போது தண்டு முறிந்து அதன் மரை கிரவுனுக்குள்ளேயே நின்றுவிட்டது. புதுத் தண்டு, சின்னம் எதுவும் இல்லாத புதுக் கிரவுன் எல்லாம் போட்டுத் தந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் பழைய கிரவுனைக் கேட்டபோது, "அது எதற்கு அம்மா?" என்று வியந்து, ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து நூறு கிரவுன்களுக்கு நடுவிலிருந்து தேடி எடுத்தார். தயாரித்த நிறுவனத்தின் சின்னம் பொறித்த கிரவுன் அது. என் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து அந்தச் சின்னம் பாதி அழிந்திருக்கும். நான் கேட்டிருக்காவிட்டால் டப்பாவோடு போயிருக்கும். மூன்று மாதத்தில் திட்டு மறுபடியும் வந்தது.

நிறுவனத்தின் பழுது நிலையத்துக்கும் எழுதிக் கேட்டேன். அனுப்பினால் டயல், முள், கிரவுன் எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாக மாற்றித்தான் தருவார்களாம். கழற்றியவற்றைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம். டியூபை மட்டும் விலைக்குத் தர முடியுமா என்று கேட்டதற்கு, உதிரிபாகங்களை வெளியே விற்பதில்லை என்று பதில் வந்தது. டயலையும் முள்ளையும் கிரவுனையும் மாற்றிய பிறகு அப்பா கட்டிவிட்ட வாட்ச் என்று அதில் எதைச் சொல்வது?

மூன்றாவதாகப் பார்த்தவர் என்னைவிட மூத்தவர். மேசையில் வைத்ததும் பின்மூடியைத் திறக்கவில்லை. லென்சைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, கிரவுனுக்கும் கேஸுக்கும் நடுவே விளக்கொளி படும்படி வாட்சைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னிடம் லென்சைக் கொடுத்து, "நீங்களே பாருங்கள் சிஸ்டர்" என்றார். கிரவுனின் விளிம்புக்கு அடியில் மயிரிழை போல ஒரு வெளிச்சக் கோடு. மேல்பக்கம் மெலிந்தும் கீழ்ப்பக்கம் தடித்தும் இருந்தது. ஊசித் துளையை இத்தனை ஆண்டு பார்த்த கண்ணுக்கு அந்தக் கோடு விளங்காமல் போகுமா?

இயந்திரத்தை வெளியே எடுத்து மூடிவைத்துவிட்டு, வெறும் கேஸில் டியூபை அளந்தார். கையோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டேன், நோயாளியின் அட்டையில் குறித்த பழக்கம். புது டியூப் 2.50 மில்லிமீட்டர் பருமன் இருக்க வேண்டும். என்னுடையது ஒரு திசையில் 2.44, இன்னொரு திசையில் 2.31. வட்டமாகப் பிறந்தது முட்டை வடிவமாகியிருந்தது. உடல் முழுவதும் குறுக்கே கோடு கோடாகக் கீறல். "புதுக் கிரவுனின் வளையம் இரண்டரை மில்லிமீட்டரைப் பிடிக்கச் செய்தது. இதைப் போய் எங்கே பிடிக்கும்?" என்றார். இளைஞர் மாற்றிய கிரவுனில் குற்றமில்லை. அது பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் இல்லாமல் போயிருந்தது.

டியூபைக் கழற்றுவதில்தான் கைத்திறன் தெரிகிறது. குறடால் பிடித்துத் திருகினால் டியூப் நசுங்கும், கேஸின் முலாம் கீறும், துளை பெரிதாகிவிடும். அவர் சொட்டு எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்தார். மறுநாள் டியூபின் உட்புறத்துக்குள் மெல்லக் குறுகிப்போகும் ஓர் எஃகு முனையை இறுக்கி நுழைத்து, அது உள்ளே கவ்விக்கொண்டதும் சிறிது சிறிதாகச் சுழற்றிக்கொண்டே வெளியே இழுத்தார். என்னுடையது அழுத்திப் பொருத்திய வகை. மரை போட்ட வகையாக இருந்தால் உட்புறத்தில் அதற்கென்றே பள்ளங்கள் இருக்கும், அதற்கான சாவியால் திருகி எடுக்க வேண்டுமாம். துளையில் படிந்திருந்த பச்சைக் களிம்பை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தார். எஃகுக் கருவி எதையும் அங்கே நுழைக்கவில்லை. புது டியூபைச் சுத்தியலால் தட்டாமல் ஒரு கை அழுத்தியில் நேராக வைத்துச் செருகினார். விளிம்பில் குண்டூசி முனை அளவுக்குப் பசை. கூடுதலாக வைத்தால் டியூபுக்குள் வழிந்து தண்டைப் பிடித்துக்கொள்ளுமாம்.

என் பழைய கிரவுனின் கதை தனி. முறிந்த தண்டின் மரை அதற்குள் சிக்கியிருந்தது, குறுக்களவு 0.90 மில்லிமீட்டர். அதைத் துளைபோட்டு எடுப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது படிகாரம். முகம் மழித்த பின் தேய்த்துக்கொள்வார்களே, அதே படிகாரம். கிரவுனுக்குள் இருந்த கல்லாய்ப்போன ரப்பரை முதலில் பெயர்த்தெடுத்துவிட்டு, ஒரு கண்ணாடிக் குப்பியில் வெந்நீர் ஊற்றி, இனிக் கரையாது என்கிற அளவுக்குப் படிகாரத்தைக் கரைத்து, கிரவுனை அதில் மல்லாத்திப் போட்டார். கொஞ்ச நேரத்தில் துளைக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் வரிசையாக ஏறத் தொடங்கின. படிகாரக் கரைசல் எஃகை அரிக்கும், பித்தளையையும் தங்கத்தையும் தொடாது. தண்டு எஃகு, கிரவுன் தங்க முலாம் பூசிய பித்தளை. மறுநாள் மாலை குப்பியின் அடியில் கறுப்பு மண்டி, கிரவுனின் சொந்த உள்மரை சுத்தமாக, புதிது மாதிரி. இதைப் படித்துவிட்டு யாரும் எஃகுக் கிரவுனைப் படிகாரத்தில் ஊறப்போட வேண்டாம். உலோகம் எது என்று தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை இது.

பிறகு கிரவுனுக்குப் புது ரப்பர் வளையம், அதில் மெல்லிய பூச்சாகச் சிலிகான் கிரீஸ். தண்டை வேண்டியதைவிட நீளமாக விட்டுப் பொருத்தி, கிரவுன் கேஸைத் தொடும் வரை கழற்றிக் கழற்றி அரத்தால் ஓர் இழை, ஓர் இழையாகக் குறைத்தார். ஏழு தடவை கழற்றியதை எண்ணினேன். அதிகமாக அராவினால் கிரவுன் கேஸில் முட்டி நிற்கும், தண்டு உள்ளே தன் இடத்தில் சரியாக உட்காராது. குறைவாக அராவினால் கிரவுனுக்கு அடியில் இடைவெளி விழும், வளையம் டியூபைப் பிடிக்க வேண்டிய அளவுக்குப் பிடிக்காது. என் பொறுமை போய்விட்டது. அவருக்குப் போகவில்லை.

கடைசியில் இயந்திரம் இல்லாத வெறும் கேஸைக் கண்ணாடி, பின்மூடி, கிரவுன் சகிதம் ஓர் ஒளிபுகும் உருளைக்குள் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டார். உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றி, கேஸைத் தண்ணீரில் இறக்கி, அழுத்தத்தை மெல்லக் குறைத்தார். எங்காவது ஓட்டை இருந்தால் உள்ளே புகுந்த காற்று அங்கிருந்து குமிழியாக வெளியேறும். மூன்று மணிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் வரவில்லை. பின்மூடி ஓரத்தில் ஒரே ஒரு குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது. அது வெளியே ஒட்டியிருந்த காற்று என்று கேஸை ஆட்டிக் காட்டினார். எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை என்பதைக் கண்டு, சிரிக்காமல் இன்னொரு தடவை சோதித்தார்.

வேலை செய்தபடியே அவர் சொன்ன பழைய செய்தி ஒன்று உங்கள் வாசகர்களுக்குப் பிடிக்கலாம். 1926இல் ரோலெக்ஸ் நிறுவனம் ஆய்ஸ்டர் என்ற வாட்சைக் கொண்டுவந்தது. 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கில நீச்சல் வீராங்கனை ஆங்கிலக் கால்வாயில் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இறங்கினார். குளிர் தாங்க முடியாமல் கரை சேருமுன்னே அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. ஆனால் பத்து மணி நேரத்துக்கும் மேல் தண்ணீரில் இருந்த வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாட்சில் கிரவுனை டியூபின் மேல் மரைபோட்டுத் திருகி மூடும் அமைப்பு இருந்தது. இன்று அப்படிப்பட்ட வாட்ச் வைத்திருப்பவர்களுக்கும் இதே நோய் வரும். மரை தேய்ந்தால் கிரவுன் திருகத் திருகச் சுற்றிக்கொண்டே இருக்கும், மூடாது. திருகும் முன் ஒரு சுற்று பின்பக்கமாகச் சுழற்றி, மரை மரையில் 'டக்' என்று விழுவதை விரலில் உணர்ந்த பிறகு முன்பக்கமாகத் திருகினால் கோணல் மரை விழாது என்றார். இதுவரை என்னிடம் அப்படி ஒரு வாட்ச் இருந்ததில்லை. இருந்தாலும் எழுதிவைத்துக்கொண்டேன்.

பின்மூடியில் பொறித்திருக்கும் நீர்த்தடை வாசகத்தையும் 30 மீட்டர் என்ற எண்ணையும் நம்பிப் பழைய வாட்சோடு யாரும் குளிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மீட்டர் ஆய்வுக்கூடத்தில் கொடுக்கும் அழுத்தத்தின் அளவு. அந்த ஆழத்துக்கு மூழ்கலாம் என்ற உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுவும் வாட்ச் புதிதாக இருந்தபோது கிடைத்த சான்று. மருந்துக் குப்பியில் காலாவதி தேதி போடுகிறார்கள், ரப்பர் வளையத்துக்கு யாரும் போடுவதில்லை.

ஆகவே உங்கள் நான்கு வரியை இப்படித் திருத்தினால் நல்லது. ஆவி எந்தப் பக்கம் முதலில் படிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கிரவுன் பக்கம் என்றால், வாட்சைக் கழற்றிக் கிரவுனை இரண்டு விரலால் மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். தொளதொளவென்று ஆடினாலும், சாவி கொடுக்கும்போது ரப்பரின் சின்ன இழுவை கூடத் தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனாலும் டியூபை அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆவி தெரிந்த பிறகு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. தண்ணீர் முதலில் தொடுவது தண்டையும் அதைச் சுற்றியுள்ள எஃகுத் துண்டுகளையும். என் வாட்சில் தண்டைப் பிடித்துக்கொள்ளும் சிறு நெம்புகோலில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு பருவம் விட்டிருந்தால் கிரவுன் தண்டோடு கையில் வந்திருக்கும் என்றார் பெரியவர்.

கடிகாரக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ரசீதில் 'சர்வீஸ்' என்று ஒரே சொல்லில் முடிக்காமல் எதை மாற்றினீர்கள், எதை மாற்றவில்லை என்று எழுதிக் கொடுங்கள். கழற்றியதைக் கேட்காமலே ஒரு சின்ன உறையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அறுவை அரங்கில் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணி எழுதாமல் தையல் போட விடமாட்டோம். நிறுவனங்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. இரண்டு மில்லிமீட்டர் குழலைத் தெரிந்த கடிகாரக்காரருக்கு விற்பதால் யாருடைய பெயரும் கெட்டுவிடாது. எனக்குக் கிடைத்த டியூப் பெரியவர் எப்போதோ வாங்கிவைத்த கையிருப்பில் கடைசியாக இருந்த இரண்டில் ஒன்று. அடுத்து வருபவருக்கு ஒன்றுதான் மிச்சம்.

வாட்ச் இப்போது எட்டு மாதமாக ஓடுகிறது. மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது, திட்டு வரவில்லை. காலையில் கழற்றி, மேசையில் உட்கார்ந்து சாவி கொடுக்கிறேன். கிரவுனின் பல் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. மாற்றலாமா என்று பெரியவர் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். முட்டை வடிவமான பழைய டியூபும் முறிந்த தண்டின் மறுபாதியும் ஒரு ஊசிமருந்துக் குப்பியில் இருக்கின்றன. குப்பியின் மேல் தேதியும் அளவும் எழுதி ஒட்டியிருக்கிறேன். இணைப்பிதழில் திருத்தம் போடுவதாக இருந்தால் புது டியூபின் படத்துக்குப் பக்கத்தில் போட அதைப் படமெடுத்து அனுப்புகிறேன். ஒரு ரூலரையும் பக்கத்தில் வைத்தே எடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்